தட்டாமல் தூக்காது

அன்றைக்குக் காலையில் இருளாண்டி இரண்டு இடத்தில் இருந்தார். ஒருவர் முந்நூறு மீட்டர் ஆழத்தில், முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று சல்லடைக் குழாய்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் செங்கல் அளவு அலுமினியக் கூட்டுக்குள் அடைந்து, மேலே வின்ச் அறையில் அழிக்கப்படும் நேரத்துக்காகக் கிடந்தார்.

அழிக்கும் வேலை ராக்குவுடையது. சாயல்குடிக்கு வடக்கே இருந்த அந்த ஆழ்நீர்ச் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

இயந்திரத்துக்கு நிரல் எழுதும் பழக்கம் ஒழிந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. வேலை தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து, கையிலும் கழுத்திலும் உணரிகளை ஒட்டி அறுபது நாள் வேலை பார்க்கவிட்டால் போதும். அவன் கை போகிற போக்கு, கண் தேடுகிற இடம், எங்கே முறுக்குவான், எங்கே விட்டுப்பிடிப்பான், அத்தனையும் ஒரு வினைக்கட்டிக்குள் இறங்கிவிடும். கட்டியை இயந்திரத்தில் செருகினால் அவன் இல்லாமலே அவன் வேலை நடக்கும். இருளாண்டி, ஆட்கள் போய்வரும் கூண்டைக் கம்பிவடத்தில் ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டியவர். கட்டி தயாரான மறுநாளே வின்ச்சுக்கு அவர் வேண்டாதவராகிவிட்டார். குழாய் சுரண்டும் ஆட்களோடு சேர்த்துக் கீழே இறக்கிவிட்டார்கள். சுரண்டுவதற்கு மட்டும் எவனையும் பதியவில்லை. அந்த உப்பில் இயந்திரக் கை ஆறு மாதம் தாங்காது. மனுஷக் கை தாங்கும்.

பிறகு கட்டியும் பழசாகி, நகம் அளவு வினைச்சில்லு வந்தது. இருளாண்டியைக் கட்டியிலிருந்து சில்லுக்குப் பெயர்த்தபோது வீண் நேரத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டதாகத் தலைமையகம் சொன்னது. கூண்டு ஒரு நாளைக்கு எட்டு நடை கூடுதலாக ஏறி இறங்கியது. பழைய கட்டிகளை அழித்து உருக்காலைக்கு அனுப்பச் சொல்லி அந்த வாரம்தான் ஆணை வந்திருந்தது. கட்டி பொருந்துகிற துளை வின்ச் கணினியில் மட்டுமே மிச்சம். காலையில் ராக்கு அதைச் செருகி வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் கூண்டு நிற்கும்போது அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் தன்மேல் எதைச் செருகினாலும் திரும்பிப் பார்க்காது. அது அவளுக்குத் தெரியும்.

பதினொன்று இருபதுக்கு மின்சாரம் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. இரண்டே நிமிஷத்தில் திரும்பியும் வந்தது. ஆனால் அந்தத் துள்ளலில் அடித்தளப் பம்புகள் மூன்றும் கருகிவிட்டன. கீழே பேசும் வயர், கீழ்த்தளத்து நிறுத்தப் பொத்தான், விளக்குச் சைகை எல்லாம் ஒரே குழாய்க்குள் ஓடியவை, அவையும் போயின. பம்பு ஓடாவிட்டால் நாற்பது நிமிஷத்தில் சுரங்கத்தின் கூரையைத் தண்ணீர் தொடும். கீழே ஐந்து பேர். ஒருவர் இருளாண்டி. இன்னொருவன் கருமலையான், ராக்குவின் உடன்பிறந்த தம்பி.

வின்ச் கணினி திரையில் ஒரே ஒரு வரி நின்றது. *வினையாளர் அழைக்கப்படுகிறார்.* அதற்கு மேல் நகரவில்லை.

ஷிப்டு மேற்பார்வையாளர் ஜெபசிங் மூச்சு வாங்க ஓடிவந்தார். "என்னம்மா, கரண்டுதான் வந்திருச்சே. தூக்கு."

"கெளம்ப மாட்டேங்குது சார்."

"அணைச்சுப் போடு."

"ரெண்டு தடவ போட்டாச்சு."

மூன்றாவது தடவையும் போட்டாள். அதே வரி. ராக்கு தரையில் உட்கார்ந்து பக்கத் தகட்டைக் கழற்றினாள். கிளம்பாத கணினிக்கு அவள் கற்று வைத்திருந்தது ஒன்றுதான்: தேவையில்லாததை ஒவ்வொன்றாகப் பிடுங்கு, ஒவ்வொரு தடவையும் கிளப்பிப் பார். கேமராவைப் பிடுங்கினாள். கிளப்பினாள். ஒன்றரை நிமிஷம் போனது; அதே வரி. காற்றளவியைப் பிடுங்கினாள். இன்னொரு ஒன்றரை நிமிஷம். கருகிய பேசுவயரின் முனையை வெட்டினாள். அதே வரி.

"ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு இருந்தா அவனுங்க மெதந்துதான் வருவானுங்க," என்றார் ஜெபசிங்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் பிடுங்கினா எதுல கோளாறுன்னு தெரியாது சார். திரும்ப மாட்டுறப்போ மறுபடி நிக்கும். கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க."

பதினொன்று முப்பத்திநாலு. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கத் தலையைத் திருப்பியபோதுதான், கணினியின் முன்பக்கத் துளையில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டுவதைப் பார்த்தாள். காலையில் அவளே செருகிய கட்டி.

ஓடுகிற இயந்திரத்துக்கு அது வெறும் சாமான்தான். ஆனால் புதிதாகக் கிளம்பும் இயந்திரம் அப்படியில்லை. யார் யார் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு துளையாகக் கேட்டுக்கொண்டு வரும். இந்த வின்ச்சை நிறுவிய காலத்தில் கட்டி ஒன்றுதான் வினையாளர். ஆகவே முதல் கேள்வி கட்டித் துளைக்கு. பிறகு சில்லு வந்தபோது அந்த வரிசையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. துளை காலியாக இருந்தவரை அதனால் தொல்லையுமில்லை.

"பழைய கட்டி சார். அதக் கேட்டுக்கிட்டு நிக்குது."

"அத எவன் மாட்டினது?"

"நான்தான்."

ஜெபசிங் கட்டியை நோக்கி விரலை நீட்டினார். "உருவு."

ராக்குவின் கை ஒரு கணம் தயங்கியது. செத்த கட்டியில் விளக்கு எரியாது. கெட்ட கட்டி என்றால் தாறுமாறாகத் துடிக்கும். இது நாடி பிடித்ததுபோல ஒரே சீராகச் சிமிட்டியது. அவள் உருவினாள். கணினி நான்கு நொடியில் கிளம்பியது. *சில்லு தயார். கூண்டு: கீழ்த்தளம். எடை: முந்நூற்று நாற்பது கிலோ.*

"அஞ்சு பேரு," என்றார் ஜெபசிங். "ஏறிட்டானுங்க. கர்த்தரே."

யாரும் எதையும் அழுத்தத் தேவையிருக்கவில்லை. கூண்டில் இருபது நொடி எடை இருந்தால் சில்லு தூக்கும். ஆட்கள் சாமான் ஏற்றும்போது கீழ்த்தளத்துப் பொத்தானை ஒருவன் அழுத்திப் பிடித்திருப்பான். அந்தப் பொத்தான்தான் கருகிவிட்டதே. கம்பிவடம் விறைத்தது. உருளை சுழன்றது. இரண்டரை நிமிஷம் ராக்கு ஆழமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூண்டு மேலே வந்தது. உள்ளே உப்பேறிய சல்லடைக் குழாய்கள் எட்டு, ஒரு சாப்பாட்டுத் தூக்கு, ஒரு கடப்பாரை. கதவுக் கம்பியில் கிழிந்த சட்டைக் கை ஒன்று தொங்கியது. ஊதா நிறம். போன பொங்கலுக்குத் தம்பிக்கு அவள் எடுத்துக் கொடுத்த சட்டை.

ஜெபசிங் குழாய் ஒன்றை இழுக்கக் குனிந்தார். "இறக்கு, இறக்கு. காலிக் கூண்ட இறக்கும்மா."

இருவரும் குழாய்களை உருட்டித் தள்ளினார்கள். கூண்டு இறங்கத் தொடங்கியது. அது போய்ச் சேர இரண்டரை நிமிஷம். அதற்குள் ராக்கு கட்டியைத் தன்னுடைய சோதனைப் பலகையில் மாட்டினாள்.

"இப்ப அது எதுக்கு? கெட்டுப்போனத நோண்டிக்கிட்டு."

"கெட்டுப்போகல சார். பாருங்க. பிழைன்னு ஒரு எடத்துல கூட இல்ல."

பலகையில் கட்டியின் நடமாட்டம் வரிவரியாக ஓடியது. எல்லாம் ஒரே வரி. ஏழாம் வழி, ஏழாம் வழி, ஏழாம் வழி. நொடிக்கு நாற்பது தடவை அது ஏழாம் வழியையே எட்டிப் பார்த்தது. ராக்கு சில்லின் படிவத்தையும் பக்கத்தில் விரித்தாள். அதில் ஏழாம் வழி மூடப்பட்டிருந்தது. மூடியவர் குறிப்பும் இருந்தது: வீண் நேரம்.

"ஏழாம் வழி என்ன?" என்றார் ஜெபசிங்.

"ரோப்புல இருக்குற அதிர்வுணரி. கீழ யாராச்சும் ரோப்பத் தட்டினா அதுல தெரியும்." அவள் நிமிர்ந்தாள். "இது கெளம்பாம நிக்கல சார். கீழயிருந்து ஆளு தட்டட்டும்னு நிக்குது. யாரும் ஏறலையே, எப்படித் தட்டுவாங்க? நாமதான் உருவிப்போட்டுட்டு வெறுங் கூண்டத் தூக்கினோம்."

ஆழமானி இருநூற்று அறுபதைத் தாண்டியது. அவளுக்கு அடுத்தது கண்ணில் தெரிந்தது. கூண்டு கீழே தொடும். கழுத்தளவு தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராகத்தான் அவர்கள் நீந்தி வருவார்கள். முதல் ஆள் ஏறி இருபது நொடியில் சில்லு தூக்கிவிடும். நான்கு பேர் கீழே நிற்பார்கள். அவள் தம்பி எப்போதும் கடைசியில் ஏறுகிறவன்.

கூண்டு தரையில் அமர்ந்த அதிர்வு வந்ததும் சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தாள். மோட்டார் செத்தது.

"ஏய், என்ன பண்ற நீ?"

"மறுபடி கெளப்பணும். கட்டியோட."

"அது நிக்கும். இவ்வளவு நேரமும் நின்னதப் பாத்தேல்ல?"

"நிக்கட்டும்."

"ராக்கு, ஒருத்தனையாவது காப்பாத்தலாம். சில்லப் போட்டா ஒருத்தன் கண்டிப்பா வருவான்."

"எந்த ஒருத்தன் சார்? பேரச் சொல்லுங்க."

அவள் கட்டியைச் செருகிக் கிளப்பினாள். வரி வந்தது. *வினையாளர் அழைக்கப்படுகிறார்.* பச்சை விளக்கு சிமிட்டியது.

ஒரு நிமிஷம். இரண்டு. ஜெபசிங் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தார். ராக்கு கம்பிவடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கிரீஸ் தடவிய வடம் சில்லென்று இருந்தது. அதில் எதுவும் இல்லை. நான்கு நிமிஷம். பழைய கட்டியை நம்பி ஐந்து பேரைத் தண்ணீரில் காக்கவைத்தவள் என்று நாளைக்கு ஊர் பேசும். பேசட்டும், அதைக் கேட்க அவளுக்குத் தம்பி இருந்தால் போதும். ஐந்து நிமிஷம். ஒருவேளை கீழே தட்டுவதற்கு ஆளே மிஞ்சவில்லையோ என்ற நினைப்பு வந்தது. அதை அவள் முழுசாக நினைத்து முடிக்கவில்லை.

"உருவுறேன்," என்று ஜெபசிங் குனிந்தார்.

அவள் முழங்கையால் அவரை இடித்துத் தள்ளினாள். பன்னிரண்டு வருஷத்தில் மேலதிகாரி ஒருவரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளங்கையில் சுருக்கென்று ஒன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவது.

திரையில் வரி மாறியது. உருளை ஒரே ஒரு வெட்டு வெட்டி நின்றது. கேட்டுவிட்டது என்று கீழே சொல்வதுபோல. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, வடத்தை இழுக்கத் தொடங்கியது.

ஐந்து பேரும் வந்தார்கள். கூண்டுத் தரையிலிருந்து தண்ணீர் ஓடையாக வடிந்தது. கருமலையானின் வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்கியது. தண்ணீரைக் கடந்து அவர்கள் கூண்டுக்கு வந்து சேரும்போதே முதல் தடவை அது கிளம்பிவிட, கதவைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். அக்காவைப் பார்த்ததும், "சட்டைய அத்துப்புட்டியே," என்றான். பல் தந்தியடித்தது. அவள் அவன் பின்மண்டையில் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை.

இருளாண்டி கையில் ஸ்பேனரோடு இறங்கினார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, செருகியிருந்த கட்டியைப் பார்த்தார். "இது இன்னும் உசுரோடயா இருக்கு?"

"அதுதான் மாமா ஒங்களத் தூக்குச்சு. நீங்க தட்டுற வரைக்கும் அசையல. ஒங்க வேல நுணுக்கம் அதுக்குள்ள அப்படியே இருந்திருக்கு."

"நுணுக்கமா?" இருளாண்டி உப்புத் தண்ணீரைக் காறித் துப்பினார். "போடி இவளே. அப்ப எல்லாம் விளக்குச் சைகதான். எவன் தட்டினான்? பதிவு எடுக்க வந்தாங்கல்ல, அறுபது நாளும் வேணும்னே நிப்பாட்டி வச்சேன். கீழயிருந்து ஒருத்தன் மூணு தட்டு தட்டாம கைய வைக்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணினேன். அந்த எழவையும் பழக்கம்னு நெனச்சுப் பதிஞ்சுக்கிட்டு போகட்டும்னுதான்."

"எதுக்கு?"

"ஆளு தட்டாம ஓடாதுன்னா, ஒரு ஆளையாவது வேலைக்கு வச்சுத்தானே ஆகணும். அதையும் வெட்டிப்புட்டானுக."

"இன்னிக்குத் தட்டினீங்களே?"

"பேசுற வயரும் இல்ல, விளக்கும் இல்ல. கோவத்துல ரோப்புல அடிச்சேன். கூண்டத் தூக்கிட்டுப் போன பயல வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டே அடிச்சேன்." அவர் கட்டியை ஒரு விரலால் தட்டினார். "அந்தப் பயலும் நானேதான்."

விசாரணை வந்தது. தலைமையகத்திலிருந்து மூன்று பேர் வந்து இரண்டு நாள் இருந்தார்கள். கட்டியை எடுத்துப்போனார்கள். யாரையும் திட்டவில்லை. ராக்கு ஜெபசிங்கைத் தள்ளியதை ஜெபசிங்கே சொல்லவில்லை. காத்திருப்பது வீண் நேரம் இல்லை, அதுவும் ஒரு வினைதான் என்று அறிக்கையில் எழுதினார்கள். எல்லாச் சுரங்கங்களுக்கும் இனி காத்திருக்கத் தெரிந்த சில்லு வேண்டும் என்றும் எழுதினார்கள்.

அதற்கு இருளாண்டி ஒருவரை மட்டும் பதிந்தால் போதவில்லை. தட்டுகிறவன் இல்லாமல் காத்திருக்கிறவனை எப்படிப் பதிவது? ஆகவே மேலே இருளாண்டிக்கும் கீழே கருமலையானுக்கும் உணரிகளை ஒட்டினார்கள். இருபது நாள் இவன் இடது கையால் தட்ட, அவர் கேட்டுத் தூக்கினார். பதிந்து முடிந்ததும் இரண்டு சில்லுகள் ஆயின. மேலே கேட்கிற சில்லு. கீழே தட்டுகிற சில்லு. அதற்கென்று கீழ்த்தளத்தில், கூண்டுக்கு அடியிலும் நீண்டு தொங்கும் வடத்தின் பக்கத்தில், சுத்தியல் முனையோடு ஒரு சின்ன இயந்திரக் கை. ஆட்களுக்குத் தட்டுகிற சிரமம் வேண்டாம் என்றார்கள். வழக்கம்போல இரண்டிலும் ஓரங்களைச் சீவி எடுத்திருந்தார்கள். ஒவ்வொருவனாக ஏறி முடிக்கும்வரை கருமலையான் சும்மா நின்ற நேரம் அதில் போயிற்று.

வெள்ளோட்டத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். பம்புகள் புதிதாக வந்திருந்தன. தலைமையகத்து ஆட்கள் தலைக்கவசம் மாட்டி வரிசையாக நின்றார்கள். ஜெபசிங் சில்லைச் செருகினார். கணினி கிளம்பியது. நான்கு நொடியில் கீழேயிருந்து மூன்று தட்டு வந்தது. உருளை ஒரு வெட்டு வெட்டிப் பதில் சொன்னது. கூண்டு ஏறியது. திரையில், *ஐவர் ஏறினர். காத்திருப்பு: நான்கு நொடி.*

கூண்டு மேலே வந்து கதவு திறந்தது. காலி. எல்லோரும் கைதட்டினார்கள்.

ராக்கு ஜெபசிங்கின் பக்கத்தில் போனாள். "சார், உள்ள யாரும் இல்ல."

"வெள்ளோட்டம்தானம்மா. ஆள் எதுக்கு?"

"அஞ்சு பேரு ஏறினதா எழுதியிருக்கு."

"பதிவு எடுத்தப்போ அஞ்சு பேர்தானே ஏறினாங்க."

"அப்ப தட்டினது யாரு?"

ஜெபசிங் பெருமையாகக் கருமலையானின் தோளில் கை போட்டார். "ஒன் தம்பிதான்."

கருமலையான் அந்தக் கையிலிருந்து தோளை உருவிக்கொண்டான். மணிக்கட்டில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. இருளாண்டி சுவரோரம் குந்தி உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். தலைமையகத்து ஆள் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார், அவர் அணைக்கவில்லை.

"முன்னாடி என்னை மட்டும் வெளிய தள்ளினாங்கத்தா," என்றார். "இப்ப ரெண்டு பேரையும் தள்ளியாச்சு. அதுக ரெண்டும் தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கிரும். நாம உள்ள இருக்கமா இல்லையான்னு கேக்குறதுக்கு ஆளு ஏது?"

"வரிசைய மாத்துறேன் மாமா. கட்டிய வாங்கி..."

"உருக்கியாச்சாம். கேட்டுட்டேன்."

இரண்டு மணிச் சங்கு ஊதியது. அடுத்த ஷிப்டுக்கு ஐந்து பேர் இறங்க வேண்டும். நான்கு பேர் கூண்டுக்குள் போய் நின்றார்கள். கருமலையான் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, நாளப்பின்ன நான் கீழயிருந்து நெசமாவே தட்டுறேன்னு வையி. அது நான்தான்னு மேல எப்படித் தெரியும்?"

கம்பிவடத்தைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் ராக்குவுக்கு அந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய் அதில் படிந்தது.

அவன் இன்னும் மற்றக் காலை உள்ளே எடுத்து வைக்கவில்லை. அதற்குள், ஆளே இல்லாத முந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மூன்று தட்டு மேலே வந்தது.